ஹாக்கர் ஃப்யூரிக்கு மேல் இறக்கை பூட்டிய கதை

இரட்டை இறக்கை விமான மாதிரி செய்கிறவர்களில் பெரும்பாலோர் கம்பி கட்டுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். உடல், இறக்கை, வண்ணம் எல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் பொறுமையைக் கொண்டு இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே நூலையோ நைலான் தங்கூசியையோ இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பெட்டியைத் திறந்த அன்றே எந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மற்ற எதையும் தொடுவேன். அதற்கான காரணத்தை, அண்மையில் முடித்த ஹாக்கர் ஃப்யூரி என்ற 1930களின் பிரிட்டிஷ் போர்விமான மாதிரியை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பினாங்கின் வெக்கையில் ரெசின் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டும் சிலருக்காவது இது பயன்படும்.

முதலில் விமானத்தைப் பற்றி. ஃப்யூரியை நான் விரும்பியது அதன் மூக்குக்காக. அதே காலத்துப் பிரிஸ்டல் புல்டாக்கைப் பாருங்கள். ஜூப்பிட்டர் என்ற வட்ட எஞ்சின் முகத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஃப்யூரியில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல். பன்னிரண்டு சிலிண்டர்களும் வி வடிவத்தில் இரண்டு வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அதனால் மூக்கு ஒடுங்கிக் கூர்மையாகிவிட்டது. குளிர்விக்கும் நீருக்கான ரேடியேட்டர் வயிற்றுக்கடியில், சக்கரக் கால்களுக்கு நடுவே ஒதுங்கிவிட்டது. வடிவமைத்தவர் சிட்னி காம். படைக்கென்று செய்த முதல் விமானம் 1931 மார்ச் 25 அன்று பறந்தது. மே மாதமே இங்கிலாந்தின் டாங்மியர் தளத்தில் இருந்த 43ஆவது படைப்பிரிவின் கைக்கு வந்துவிட்டது. 525 குதிரைத்திறன், இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், மரத்தில் செதுக்கிய இரண்டு இதழ்ச் சுழலி. மணிக்கு 200 மைல் என்ற எல்லையைச் சமநிலைப் பறப்பில் தாண்டிய முதல் பிரிட்டிஷ் விமானப்படைப் போர்விமானம் இதுதான். 14,000 அடி உயரத்தில் 207 மைல், அதாவது ஏறத்தாழ 333 கிலோமீட்டர். துணி போர்த்தி, கம்பி கட்டி, விமானியின் தலையைக் காற்றில் விட்டுக்கொண்டே இந்த வேகத்தை எட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அதன் வாரிசு நம் பக்கம் வந்திருக்கிறது. ஃப்யூரியை ஒற்றை இறக்கையாக்கினால் என்ன என்று காம் யோசித்ததிலிருந்துதான் ஹரிக்கேன் பிறந்தது. உள்ளே அதே எஃகுக் குழாய்ச் சட்டம், பின்னுடலுக்கு அதே துணி. 1942 ஜனவரியில் பெட்டிகளில் அடைத்து 51 ஹரிக்கேன்களைச் சிங்கப்பூரில் இறக்கினார்கள். மலாயாவைக் காப்பாற்ற அவை போதவில்லை. எங்கள் ஜார்ஜ் டவுன் அதற்கு முந்தைய மாதமே குண்டுவீச்சுக்கு ஆளாகிவிட்டது. அந்தக் கதையை என் தாத்தா தலைமுறை சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே ஹரிக்கேன் எனக்கு வேற்றூர் விமானம் இல்லை. ஃப்யூரியும் அந்த வழியில் உறவாகிவிட்டது.

நான் செய்தது கே5674 என்ற எண் கொண்ட விமானம். 43ஆவது படைப்பிரிவில் ஃப்ரெடரிக் ரோசியர் ஓட்டியது. அவர் பிற்காலத்தில் ஏர் சீஃப் மார்ஷல் வரை உயர்ந்தார். விமானம் பின்னர் தென்னாப்பிரிக்க விமானப்படைக்குப் போய் அங்கே விழுந்து நொறுங்கியது. எஞ்சிய பாகங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்டெடுத்து, 2012இல் மறுபடியும் பறக்கவிட்டார்கள். மாதிரி செய்கிறவளுக்கு இது பெரிய வரம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நிழலுக்குள் மறைந்துபோகும் கம்பி முனைகளும் கவ்விகளும் இன்றைய வண்ணப் படங்களில் தெளிவாகத் தெரிகின்றன.

இனி ரெசின். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் நான் வேலை செய்கிறேன். மெழுகு, சாந்து, சிலிகோன், அக்ரிலிக் இவற்றில்தான் என் பகல் முழுவதும் போகிறது. அதனால் ரெசின் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது மற்றவர்களுக்குத் தோன்றும் அச்சம் எனக்குத் தோன்றுவதில்லை. சிலிகோன் அச்சில் பாலியுரேத்தேனை ஊற்றி வார்த்தெடுக்கிறார்கள். ஊற்றிய வாயில் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் கட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கலக்கும்போது புகுந்த காற்று வெளியேறாவிட்டால் குமிழியாக உள்ளே தங்கும். மெல்லிய பாகங்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குமிழி வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். தெரிந்த இடத்தை உடனே ஊசியால் குத்தித் திறந்து அடைத்துவிட வேண்டும். தோலுக்கடியில் விட்டுவைத்தால், தேய்க்கும்போதோ வண்ணம் ஏறிய பிறகோ குழியாக விழும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரெசினை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. எங்கள் கூடத்தில் தூசி உறிஞ்சும் கருவி இல்லாமல் யாரும் அரைக்க உட்கார முடியாது. வீட்டிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் முகக்கவசம், தேய்த்து முடித்ததும் மேசையை ஈரத் துணியால் துடைப்பது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் தூரிகையும் கொண்டு அதைக் கழுவிவிட்டால்தான் பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்கும். பிளாஸ்டிக் மாதிரிக்கான பசை ரெசினைக் கரைக்காது. சூப்பர் குளூ அல்லது இரண்டு பொருள் கலக்கும் எப்பாக்சி, இவைதான் துணை. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் சரக்கு. நம்மூரில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும், அதன் ஆவி பட்ட கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். விமானி முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடித் தடுப்புக்கு அதைக் கிட்டத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

மேல் இறக்கைக்கு வருகிறேன். உண்மை விமானத்தில் 9.14 மீட்டர், என் மாதிரியின் 1/32 அளவில் 28 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. ஒரே துண்டாக வார்த்தது. கண்ணாடிப் பலகைமேல் வைத்தபோது நுனி ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ரெசினில் இது சாதாரணம். வெந்நீரில் போட்டு இளகியதும் பலகைமேல் அழுத்திக் குளிர்ந்த நீரை ஊற்றினால் நேராகிவிடும். ஆனால் எந்தச் சூட்டில் நேரானதோ அதே குணம் அதற்குள் இருக்கத்தானே செய்யும்? ஆயர் ஈத்தாமில் என் வீட்டு மாடி அறைக்குத் துத்தநாகக் கூரை. மதிய வெயிலில் அங்கே காற்றாடி சுழன்றாலும் சூடுதான் வீசும். நீளமான, மெல்லிய ரெசின் துண்டு தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்வதற்கு அது போதும்.

அதனால் இறக்கையின் அடிப்பக்கத்தில், உண்மை விமானத்தின் முதுகெலும்புச் சட்டங்கள் இரண்டும் ஓடும் கோட்டிலேயே, நுனியிலிருந்து நுனிவரை இரண்டு பள்ளங்கள் அறுத்தேன். அவற்றில் ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியைப் படுக்கவைத்து, எப்பாக்சி ஊற்றி மூடி, துணிக்கடியில் தெரியும் விலா வரிகளை மெல்லிய நாடாவால் மறுபடி எழுப்பினேன். சட்டத்தின் கோட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உண்மை விமானத்தில் கம்பிகள் துணியில் கட்டப்படுவதில்லை; அந்தச் சட்டங்களில்தான் வந்து பூட்டப்படுகின்றன. ஆகவே என் துளைகளும் அங்கேதான் விழவேண்டும். எஃகு அருகிலேயே இருப்பதால் துளையைச் சுற்றி ரெசின் பிளக்காது.

துளை போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைத்துளைப்பானைச் செங்குத்தாகப் பிடித்துத் துளை போட்டால், சாய்ந்து வரும் கம்பி துளைவாயில் மடங்கித்தான் உள்ளே போகும். அந்த மடிப்பு எவ்வளவு சிறியதானாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். கம்பி எந்தச் சாய்வில் வருகிறதோ அதே சாய்வில் துளை இருக்க வேண்டும். அதற்காகப் படத்திலிருந்து கோணத்தை எடுத்து, அட்டையில் முக்கோணமாக வெட்டி, துளைப்பானுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போட்டேன். உடல், கீழ் இறக்கை, மேல் இறக்கை எல்லாவற்றிலும், பிரைமர் தொடுவதற்கு முன்பே.

விமானி அறையை நான் விரைவாகக் கடந்துவிட்டேன். குழாய்ச் சட்டம், இருக்கை, பிடி, பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த வார்கள். நன்றாகத்தான் வந்தன. மூடிய பிறகு அவற்றில் பாதி தெரியாது.

கீழ் இறக்கை உடலோடு சேரும் இடம்தான் இந்த மாதிரியின் உயிர்நிலை. அங்கே ஒரு முடி அளவு பிசகினால் நுனியில் அது மில்லிமீட்டராக வளரும். இதற்கு என் தொழில் கைகொடுத்தது. பொய்ப்பல்லைப் பொருத்தும்போது பல் மருத்துவர் ஒரு நீலத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் புள்ளி உயர்ந்து இடிக்கிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும். அதை மட்டும் தேய்த்துவிடுவார். அதே தாளை இறக்கை முனைக்கும் உடலுக்கும் நடுவே வைத்து அழுத்தினேன். பின்முனைக்கு அருகே நகக்கீற்று அளவில் நீலம் விழுந்தது. அதைத் தேய்த்து, மறுபடி தாள் வைத்து, மறுபடி தேய்த்து, முடிவில் ஓரம் முழுவதும் சீராக நீலம் படரும்வரை செய்தேன். அப்படிச் சேர்ந்த இணைப்புக்குப் பசையைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. புட்டி மாவு வைத்து அடைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். மாவு வைத்து மறைத்த இடத்துக்கு அடியில் கோணல் அப்படியேதான் இருக்கும்.

பிடிமானத்துக்குப் பல் அச்செடுக்கும் சிலிகோன் களிமண்ணைப் பிசைந்து, அதில் உடலையும் கீழ் இறக்கைகளையும் அழுத்தி, ஒரு தொட்டில் செய்துகொண்டேன். இறுகிய பிறகு விமானத்தை எத்தனை முறை எடுத்து எத்தனை முறை வைத்தாலும் அதே இடத்தில் அமரும். அளப்பதற்கு அசையாத ஒரு நிலை வேண்டும், அதற்காகத்தான்.

அளக்கக் கற்றுக்கொடுத்தது என் அண்ணன். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் விமான உடல்பகுதிப் பழுதுபார்ப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பாலம் கடந்து வந்தால் மாடிக்கு ஏறி வந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இறக்கையின் இரு பக்க உயரத்தையும் மேசையிலிருந்து அளப்பதைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, மேசையை நம்பாதே. விமானத்தை விமானத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்” என்றார். “எப்படி அண்ணா?” என்று கேட்டேன். கவராயத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூக்கின் நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் அளவு. பிறகு வாலின் நடுப்புள்ளி; அங்கிருந்து அதே இரண்டு நுனிகளுக்கும் அளவு. பிறகு கீழ் நுனியிலிருந்து எதிர்ப்பக்க மேல் நுனிக்குக் குறுக்காக. இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் விமானம் நேர். விழுந்து எழுந்த, இடிபட்ட, பாகம் மாற்றிய எந்த விமானத்துக்கும் இந்தச் சோதனை உண்டாம். “பெரிய விமானத்துக்கு நாடா, உனக்குக் கவராயம். வித்தியாசம் அவ்வளவுதான்” என்றார். அவர் பாராட்டிப் பேசுகிறவர் இல்லை. அன்று நடுப்பகல் வரை உட்கார்ந்து ஒவ்வொரு அளவையும் நான் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஃப்யூரியின் இறக்கைகளுக்கு நடுவே ஒவ்வொரு பக்கமும் N என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தில் ஒரு தாங்குகால் நிற்கிறது. முதல் உலகப் போர்க்கால விமானங்களில் முன்னும் பின்னுமாக இரண்டு கால்கள் தனித்தனியே நிற்கும். அவை சாயாமல் இருக்க இடையே குறுக்குக் கம்பிகள் வேண்டும். காம் அங்கே ஒரு சாய்கோலை வைத்துவிட்டார். அந்தக் கம்பிகளின் வேலை இல்லாமல் போயிற்று. எஞ்சியவை இரண்டு வகை. கீழ் இறக்கையின் வேரிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கத்துக்கு ஏறும் கம்பிகள், பறக்கும்போது காற்று மேலே தூக்கும் விசையைத் தாங்குகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் மேலிருந்து கீழே இறங்கும் கம்பிகள், தரையில் நிற்கும்போது இறக்கைகளின் எடையைத் தாங்குகின்றன. ஒன்று இறுகும்போது மற்றது ஓய்வெடுக்கும். இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் கம்பிகள் அலங்காரமாகத் தெரியாது.

வண்ணத்துக்காக நான் பருவம் பார்த்துக் காத்திருந்தேன். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை கொட்டும். அந்த ஈரத்தில் லாக்கர் வண்ணம் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதில் படிந்து, வண்ணம் பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். உலோகப் பூச்சு வேலையை அப்போதுதான் வைத்துக்கொள்வேன். வண்ணம் விசிறும் கம்ப்ரெசரில் நீர் பிடிக்கும் குடுவையை அப்போதும் அடிக்கடி திறந்து வடிக்க வேண்டும்.

ஃப்யூரியில் இரண்டு வெள்ளிகள் உண்டு. இறக்கைக்கும் பின்னுடலுக்கும் போர்த்திய துணிமேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. அது மங்கலாக, சாம்பல் கலந்து இருக்கும். மூக்கைச் சுற்றியுள்ள தகடுகளோ வண்ணம் பூசாத, தேய்த்து மெருகேற்றிய உலோகம். இரண்டையும் ஒரே புட்டியிலிருந்து அடிப்பதுதான் பலர் செய்வது. மெருகேற்றிய உலோகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை: தைப்பூசத்துக்கு முந்தைய நாள், பினாங்குத் தெரு கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் புறப்படும் நகரத்தாரின் வெள்ளித்தேர். தேங்காய்கள் உடைபடும் இரைச்சலுக்கு நடுவே கும்பிட்டுவிட்டு, தேரின் தகடுகளையே பார்த்துக்கொண்டு கூட நடந்தேன். பளபளக்கும் வெள்ளி வெள்ளையாக இல்லை. பாதி கறுப்பு. வளைவின் மேல்பாதியில் வானம் வெளிச்சமாக விழுகிறது. கீழ்ப்பாதியில் சாலையும் கூட்டமும் ஏறத்தாழ இருட்டாகக் கிடக்கின்றன. இரண்டும் சேரும் கோடு கத்தி வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறது. மங்கலான பரப்பில் இந்தக் கோடு குழைந்துவிடும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றுவது அந்தக் கோட்டின் கூர்மைதான்.

ஆகவே மூக்குத் தகடுகளுக்கு முதலில் கறுப்புப் பளபளப்புப் பூச்சை அடித்து, நன்றாக உலரவிட்டு, கண்ணாடிபோல் வரும்வரை தேய்த்தேன். அதன்மேல் அலுமினிய லாக்கரை மிக மெல்லியதாக, அடியில் இருக்கும் கறுப்பு முழுவதும் மறைந்துவிடாத அளவில் விசிறினேன். துணிப் பகுதிக்குச் சாம்பல் பிரைமர், அதன்மேல் வேறொரு தூள் கலந்த வெள்ளி. மூக்குக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அந்தக் கோட்டில் இப்போது எஞ்சின் தகடு எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்காமலே தெரிகிறது.

43ஆவது படைப்பிரிவின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை உடலின் பக்கங்களுக்கும் மேல் இறக்கைக்கும் நீரில் ஊறவைத்து ஒட்டும் டிகாலாகவே வைத்தேன். இளக்கும் திரவம் தடவி விலா வரிகளுக்குள் படியவைத்தேன். உலர இங்கே நாளெடுக்கும்; அவசரப்படக் கூடாது. அவ்வளவுதான்.

இனி கம்பி. ஃப்யூரியில் இருந்தவை உருண்டைக் கம்பிகள் அல்ல. ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி உருவாக்கிய தட்டைக் கம்பிகள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தடித்து இரு ஓரமும் மெலிந்த கண் வடிவம். மெல்லிய ஓரம் காற்றைப் பார்த்து நிற்கும், காற்று வழுக்கிக்கொண்டு போகும். இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் மரை இருக்கும். கம்பியையே திருகி நீளத்தைச் சரிசெய்து பூட்டுவார்கள். இதனால் பார்வையில் ஒரு விந்தை நிகழ்கிறது. ஃப்யூரியை நேர் எதிரே நின்று பார்த்தால் கம்பிகள் கிட்டத்தட்ட மறைந்துவிடுகின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் நாடாக்களாக மின்னுகின்றன. தங்கூசியோ மீள்நூலோ எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். 1/72 அளவில் அது பரவாயில்லை. இந்த அளவில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தட்டைக் கம்பிக்காக லிட்டில் இந்தியாவில் ஒரு பத்தரிடம் போனேன். பல் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பியை எடுத்துப் போயிருந்தேன். அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தவர், “எஃகை என் உருளையில் விடமாட்டேன், அம்மா. உருளை கீறிப்போனால் நாளைக்கு எந்தத் தகடும் மெருகோடு வராது” என்றார். அவர் சொன்னது நியாயம். வெள்ளிக் கம்பி தருகிறேன் என்றார். கடற்காற்றில் வெள்ளி கறுத்துவிடும் என்று நான் மறுத்தேன். கடைசியில் ஜெர்மன் சில்வர், பெயரில் மட்டும் வெள்ளி. 0.2 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியைச் சூடேற்றி இளக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 0.1 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவந்தார். அகலம் 0.3க்குச் சற்றுக் குறைவு. விமானத்தின் படத்தைக் காட்டியதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. கடைசி இழுப்பைத் தானே ஒருமுறை துணியால் துடைத்து மெருகேற்றிக் கொடுத்தார்.

கம்பி கடைசி வேலை அல்ல என்று நான் சொல்வதன் காரணம் இங்கேதான். நூல் இழுத்தால் நீளும். இடம் கோணலாக இருந்தாலும் வலம் தொய்ந்திருந்தாலும் நூல் அதற்கேற்ப வளைந்துகொடுத்து, எல்லாம் சரி என்று காட்டிவிடும். விறைப்பான தட்டைக் கம்பி நீளாது. கவராயத்தால் ஒரு பக்கத்தின் நீளத்தை எடுத்து, அதே அளவில் இரண்டு துண்டு வெட்டுகிறேன். முதல் துண்டு அதன் துளைகளில் அமர்கிறது. இரண்டாவது துண்டு மறுபக்கத்தில் அமராவிட்டால் விமானம் கோணல். வேறு விளக்கம் கிடையாது. அதிகமாக இருந்தால் வில்லாக வளையும், குறைந்தால் துளையைத் தொடாது. அந்த நிலையில் மேல் இறக்கை ஏற்கெனவே ஒட்டி இறுகியிருக்கும், திருத்த வழியில்லை. எனவே முதுகெலும்புக் கோட்டில் எஃகு வைத்தது, நீலத்தாள் வைத்துத் தேய்த்தது, தொட்டில் செய்தது, அண்ணன் அளந்தது எல்லாமே இந்த இரண்டாவது துண்டுக்காகத்தான்.

மேல் இறக்கையை வைத்த முறை இது: நடு உடல்மேல் நிற்கும் குட்டைத் தாங்குகால்களையும், வெளிப்பக்கத் தாங்குகால்களையும் கீழே முதலில் ஒட்டினேன். இறக்கையைத் தலைகீழாக இன்னொரு சிலிகோன் தொட்டிலில் படுக்கவைத்து, விமானத்தையும் தலைகீழாக அதன்மேல் இறக்கினேன். எடை பசையை அழுத்தும், கை நடுக்கம் குறுக்கே வராது. எப்பாக்சி மெதுவாக இறுகும் வகையைத்தான் பயன்படுத்தினேன். அளந்து நகர்த்த நேரம் கிடைக்கும். மூக்கிலிருந்து நுனி, வாலிலிருந்து நுனி, குறுக்காக நுனி. பிறகு இரவு முழுவதும் தொடவில்லை.

கம்பிகளை ஒரே மாலையில் வைத்து முடித்துவிட்டேன். முன்கூட்டியே எல்லாம் தயாராக இருந்தால் அது நிம்மதியான வேலை. ஒவ்வொன்றையும் சாமணத்தால் பிடித்து, மெல்லிய ஓரம் முன்னால் பார்க்கும்படி திருப்பி, ஒரு முனையை ஆழமாக நுழைத்து, மறு முனையைத் துளைக்கு நேராகக் கொண்டுவந்து பின்வாங்கினால் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஊசி முனையில் தொட்ட வெள்ளைப் பசை ஒரு துளி போதும், கம்பி எதையும் இழுக்கவில்லை என்பதால். எதிரெதிர்க் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் உண்மை விமானத்தில் அவை உரசி அதிராமல் இருக்க ஒரு சிறு மரத்துண்டு பிடித்துக்கொண்டிருக்கும். அதை ரெசின் ஊற்றுக்கட்டையிலிருந்தே சீவி எடுத்தேன். இடமும் வலமும் கம்பிகள் அமர்ந்தன. அண்ணன் அடுத்த ஞாயிறு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் எதிரே குனிந்தும் பிறகு பக்கத்தில் நின்றும் பார்த்துவிட்டு, கவராயத்தைக் கேட்டு வாங்கி மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். அவர் அளந்த தாளைப் பெட்டியின் அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மாதிரி இப்போது அக்ரிலிக் மூடிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, மாடியில் இல்லாமல் கீழே கூடத்தில் இருக்கிறது. வெயில் நேராகப் படாத சுவர். மேல் இறக்கை தொய்கிறதா என்று அவ்வப்போது நுனிக்கு நுனி நூல் பிடித்துப் பார்க்கிறேன், இதுவரை அசையவில்லை.

அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு: முதல் உலகப் போரின்போது பேராக்கின் பத்து காஜாவில் தோட்டம் வைத்திருந்த சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்பவர் மலாயாவில் நிதி திரட்டி பிரிட்டிஷ் படைக்கு விமானங்கள் வாங்கிக் கொடுத்தார். மலாயா என்ற பெயரைத் தாங்கி அவை போர்முனையில் பறந்தன. அவற்றில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தக் கால விமானங்களில் கம்பிகள் ஃப்யூரியைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பெயர் எந்த இடத்தில், எந்த எழுத்து வடிவில் எழுதப்பட்டிருந்தது என்பது தெளிவாகத் தெரியும் படம்தான் தேவை. பேராக்கில் பழைய தோட்டத்துப் படத் தொகுப்புகள் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைப் படித்தால், ஒருமுறை புரட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஈப்போவோ பத்து காஜாவோ, நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.